ஐஸ் பெட்டிக்குள் எண்ணெய்

எங்கள் காலடிப்பேட்டை வீட்டில் அந்த மாதம் அப்பா பகலில்தான் தூங்கினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அப்போது இரவு ஷிப்ட். பக்கத்து அறையில் நான் வாங்கி வைத்திருந்த பழைய பிட்காயின் மைனிங் மெஷின். ஓயாமல் கணக்குப் போடும் பெட்டி, பயங்கரமாகச் சூடாகும். அதைத் தணிக்கும் இரண்டு விசிறிகளும் மாவு மில்போல் இரையும்.

"ஞாயித்துக்கெயமைக்கு அப்பாலயும் இது கத்திக்கினு இருந்துச்சுன்னா, காயலாங்கடைல போட்ருவேன்," என்றார் அப்பா.

மெஷினை எண்ணெயில் மூழ்க வைத்து ஓட்டினால் விசிறியே வேண்டாம் என்று படித்திருந்தேன். எண்ணெயில் மின்சாரம் பாயாது, சூடு மட்டும் இறங்கும். அதைக் கண்ணால் பார்க்க ஆசை. நோட்டில் எழுதினேன்: டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் நாற்பது லிட்டர். விசிறியைக் கழற்றினால் ஓட மறுக்கும் மெஷினை, அது சுற்றுவதாக நம்பவைக்க ஒரு குட்டி சர்க்யூட். தெர்மாமீட்டர். ஒழுகாத தொட்டி.

தொட்டிக்கு அலையவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அத்தையிடம் பழைய ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"இன்னாடி, வஞ்சிரமா பொரிக்கப் போற?" என்று பெட்டியை இறக்கினாள் அத்தை. "மசாலா தடவிட்டியா?"

சனிக்கிழமை மதியம் ஸ்விட்ச் போட்டேன். சத்தமே இல்லை. சிப்புகளுக்கு மேல் எண்ணெய் கானல்போல நெளிந்து எழும்பியது. முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன்: 34, 40, 45, 51. ஏறிக்கொண்டே போனது. 65-இல் பயந்து அணைத்தேன். பெட்டியை வெளியே தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை.

ஐஸை நாள் முழுக்க உருகவிடாமல் வைத்திருக்கும் பெட்டி அது. வெயிலை உள்ளே விடாதது, உள்ளே இருக்கும் சூட்டை மட்டும் வெளியே விடுமா? இன்ஜினியரிங் படித்த நான், ஒழுகுமா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

நோட்டில் ஐந்தாவது வரி சேர்ந்தது: சூடு வெளியேற வழி. கன்டெய்னர் லாரி மெக்கானிக் ஒருவரிடம் பழைய ரேடியேட்டர் கிடைத்தது. ஞாயிறு காலை அப்பா சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தபோது, சூடான எண்ணெய் ஒரு சின்ன பம்ப் வழியாக மொட்டைமாடிக்கு ஏறி, ஆறித் திரும்பி வரும்படி குழாய் போட்டு, கடற்காற்று படும் இடத்தில் ரேடியேட்டரைச் சாய்த்து வைத்தேன். அவர் திரும்பி வந்து படுத்ததும் ஸ்விட்ச் போட்டேன். 48 வரை ஏறியது. மறுபடி 48. அரைமணி கழித்தும் 48.

மூன்று மணிக்கு அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாமா, கரண்டு பூட்ச்சா?"

தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைக் காட்டினேன். அவர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்போ இது ஓடிக்கினா கீது?"