கடைசியாக அடிக்கும் மணி

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் வீட்டில் எல்லாருக்கும் ‘சின்னது’தான். அவள் மடித்த விரிப்பை அடுக்கில் பார்த்தாலே அடையாளம் தெரியும். நான்கு முனையும் கத்தி வைத்து வெட்டியதுபோல் ஒட்டி நிற்கும். அப்படிப்பட்டவளுக்கு மேட்டில் சைக்கிள் மிதிப்பது மட்டும் கைகூடவில்லை. சைக்கிள் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும், ஞாயிறுதோறும் எல்லாரும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் தலை தெரியும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வழியில் தனியாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக, ஆரஞ்சுச் சட்டை போட்டவர் எல்லாருக்கும் பின்னால் வருவார். மேட்டு உச்சியிலுள்ள டீக்கடையை அடைந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் மணியை அடிக்க வேண்டும். ஆரஞ்சுச் சட்டையின் மணி கேட்கும்வரை டீயை யாரும் தொட மாட்டார்கள்.

போன வாரம் அவள் காதுபட ஒருவன் சொன்னான்: “இன்னைக்கும் ஆறின டீதானா?” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. வேலையும் வீடும் போக அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு காலைப்பொழுதுதான். இருந்தும் பிறருக்குப் பாரமாக இருக்க மனம் ஒப்பவில்லை. இந்த ஞாயிறோடு நின்றுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தாள்.

புறப்படும் இடத்தில், குழுவை நடத்தும் தபால்கார அக்கா ஆரஞ்சுச் சட்டையை அவள் கையில் திணித்தார்.

“இன்னைக்கு நீ போட்டுக்கோ.”

தனக்குத் துணையாக வரக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். சட்டையை மாட்டிக்கொண்டாள்.

குழுவின் பழைய ஆளான ரொட்டிக்கடைக்காரர் அன்றுதான் திரும்பி வந்திருந்தார். நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆகிப் பல மாதம் படுத்திருந்தவர். அதற்கு முன்பு அந்தச் சட்டை எப்போதும் அவர் முதுகில்தான்.

மேடு தொடங்கியதும் மற்றவர்கள் வளைவில் மறைந்தார்கள். பாதி மேட்டில் அவர் இறங்கி, குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அவளும் இறங்கி நின்றாள். அவர் கட்டிக்கொண்டே இருந்தார்.

“என்னம்மா நிக்கிறே? போ, நான் பின்னாடி வர்றேன்.”

“நீங்க போங்கண்ணே. சட்டை என்கிட்ட இருக்கு.”

“சட்டை கெடக்குது. எனக்குப் பின்னாடி யாரும் வந்து பழக்கமில்லை.”

“அப்ப ரெண்டு பேரும் இங்கேயே டீக்கடை போட வேண்டியதுதான்.”

அவர் சிரித்தார். சிரிப்பே மூச்சு வாங்க வைத்தது. கை நெஞ்சுக்குப் போனது. ஷூ கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

“பாதியில திரும்பினேன்னு தெரிஞ்சா வீட்ல வண்டியை வித்துடுவாங்கம்மா,” என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

“யாரு திரும்பச் சொன்னா? மெதுவாப் போங்க. மெதுவாப் போறதுல என்னை மிஞ்ச இந்தக் குழுவிலே ஆளு உண்டா?”

அவர் ஏறி மிதித்தார். அவள் நன்றாக இடைவெளி விட்டுப் பின்னால் போனாள். அவர் நின்றபோதெல்லாம் மரத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றாள். பின்னால் கேட்கும் எந்தச் சத்தம் முன்னால் போகிறவரை விரட்டும் என்று அவளுக்குத் தெரியும்: அடக்கிக்கொண்ட பெருமூச்சு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடும் கிரீச். அவர் இல்லாத மாதங்களில் தனக்குப் பின்னால் அவள் கேட்டவை. அவற்றில் ஒன்றையும் அவள் அவருக்குக் கேட்க விடவில்லை.

உச்சியில் அவர் மணி அடித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு அவள் மணி.

தபால்கார அக்கா டீயோடு வந்து காதோரம் சொன்னார்: “துணைக்கு ஆள் போட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வந்திருக்கவே மாட்டார். அதான் உன்கிட்டகூட வாயைத் திறக்கலை. வேற யாரை விட்டிருந்தாலும் முடுக்கியே அவரைப் படுக்க வெச்சிருப்பாங்க.”

“இன்னைக்கு டீ ஐஸே ஆயிடுச்சு!” என்றான் போன வார ஆள். முதலில் சிரித்தது அவள்தான்.

குழுவிலிருந்து நின்றுவிடுகிறேன் என்று சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்துக் காயவைத்தாள். சூடு பட்டால் சுருங்கும் துணி. மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து இஸ்திரி போட்டாள்.

“இதுக்குக்கூடவா இஸ்திரி, சின்னது?” என்றான் அண்ணன்.

“அடுத்த ஞாயிறும் ரொட்டிக்கடைக்காரர் வர்றார்ண்ணா,” என்று சொல்லி, முனையோடு முனை சேர்த்து மடித்தாள்.