ஆலை இல்லாத வரைபடம்

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில், கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு, சூழலைக் கெடுக்காமல் ஆலைகளை வடிவமைப்பது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் நான் ஓர் ஆலையும் கட்டியதில்லை. ஆகவே என் ஆலைகள் எந்த ஆற்றையும் கெடுத்ததில்லை. அந்தத் தகுதியே போதுமென்று கல்லூரி நினைத்திருக்க வேண்டும்.

இயந்திர பாகங்களில் படியும் கிரீஸைக் கழுவ ஒரு கரைப்பான் உண்டு. குறைந்த கழிவோடு அதைத் தயாரிக்கும் ஆலை ஒன்றை வடிவமைப்பதுதான் அந்த வருடக் கடைசி ப்ராஜெக்ட். எல்லாரும் கோபுரம் கோபுரமாக வரைந்திருந்தார்கள். கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் மட்டும், வாய்மொழித் தேர்வன்று ஒரு வெந்நீர்த் தொட்டியையும் கம்பிக் கூடையையும் வரைந்து எடுத்து வந்தாள். சலவை சோடா கலந்த வெந்நீரே கிரீஸைக் கழுவிவிடுகிறதாம். ஆய்வுக்கூடத்தில் செய்தே பார்த்துவிட்டாளாம்.

"ஏம்மா, ஆலை எங்கே?"

"அது வேண்டாம்னுதான் ஸார் ஆன்ஸரே வருது."

"ஃபெயிலானா உனக்குக் கிடைச்சிருக்கிற நியூ டவுன் கம்பெனி வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் ஸார். பயமாத்தான் இருக்கு. பட், கணக்கு மாற மாட்டேங்குதே!"

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வங்காளி. அதே கரைப்பானைத் தயாரித்து விற்கும் ஆலையில் பெரிய அதிகாரி. வரைபடத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"மோஷாய், இது ஆலையா, சலவைக் கடையா?" என்று வங்காள ‘ஐயா’ போட்டு என்னைக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வெந்நீர்ல கழுவினா நான் எதை விக்கிறது?"

"சோடா விக்கலாம் ஸார்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். நான் தொண்டையைச் செருமினேன். என் வீரம் வழக்கமாக அந்த இடத்தோடு நின்றுவிடும்.

"முதல் கிளாஸ்ல ஸார்தான் சொன்னார்," என்றாள் அவள். "எப்படிச் செய்யறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, இதைச் செய்யத்தான் வேணுமான்னு கேளுங்கன்னு."

சொன்னேன்தான். பிள்ளையார் சுழி போடுவதுபோல வருடாவருடம் சொல்வதுதான். அதை யாரும் காதில் வாங்கியதில்லை, நான் உட்பட.

"நெசமாவே சொன்னீங்களா?" என்று தேர்வாளர் என்னைக் கேட்டார்.

"சொன்னேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்போ தப்பு உங்களோடது. பொண்ணு என்ன பண்ணுவா?"

நல்ல மதிப்பெண்ணே போட்டார். பிறகு வரைபடத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எங்க கஸ்டமர் யார் கையிலயும் கிடைக்கக் கூடாது, மோஷாய்."

என் பாடத்தை முழுசாக நம்பிய அந்த ஒரே மாணவி, நியூ டவுனுக்குப் போய் பாங்குகளுக்கு மென்பொருள் எழுதினாள். ஆலைகளெல்லாம், கோபுரம் வரைந்த மற்ற மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் வகுப்பில் அந்தக் கேள்வியை இன்றும் கேட்கிறேன். கேட்ட பிறகு, யாராவது நம்பிவிட்டார்களா என்று பெஞ்சு பெஞ்சாக முகம் பார்க்கும் பழக்கம் மட்டும் அன்றிலிருந்து வந்தது.