மேல்நீரை மட்டும் சூடாக்கியவள்

எழுபதுகளின் தொடக்கம், மாத்தளை. இறக்குமதி முடங்கியிருந்தது. பெண்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் நீரைக் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்தது. மாற்றுக் குழாய் கிடைக்கவில்லை. உயர்தர வகுப்பு மாணவியருக்குச் செய்முறைப் பரீட்சை நெருங்கியிருந்தது.

அங்கே இரசாயனம் கற்பித்தவள் என் மனைவி. குளோரைட்டு கலந்த கிணற்று நீரில் உப்புகளைக் கரைத்தால், வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி பட்டதும் எல்லாச் சோதனைக் குழாய்களும் ஒன்றுபோல வெண்மையாய்க் கலங்கிவிடும். எந்த உப்பில் குளோரைட்டு இருக்கிறது என்று அப்பிள்ளைகள் எப்படிச் சொல்வார்கள்? தூய நீர் இல்லாமல் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் பரீட்சைக்குப் போவதில் பொருளும் இல்லை.

வெயிலைக் கொண்டே வடிப்பதென்று முடிவு செய்தாள். பலகைப் பெட்டி, உள்ளே ஒரு தட்டு, சரிந்த கண்ணாடி மூடி, அதில் வழியும் துளிகளை ஏந்த ஓர் அலுமினியப் பீலி. வெயிலை உறிஞ்சத் தட்டுக்குக் கறுப்பாய்த் தார் பூசலாம் என்றேன்.

"தார் வாடை தண்ணியில ஏறிடுங்க. அதோட, தட்டு நெறைய இருக்கிற தண்ணி முழுக்க ஏன் சூடாகணும்? ஆவியாகிறது மேல் தண்ணி மட்டுந்தானே?"

தேங்காய் நார்த் தும்பைப் பாய்போல் முடைந்து நீரில் மிதக்கவிட்டாள். அதன்மேல் விரிக்க, நீரை உறிஞ்சும் கறுப்புத் துணி வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து என் பட்டமளிப்பு அங்கியை எடுத்தாள்.

"ஒரு நாள்தான் போட்டீங்க. இனி இது வேலை செய்யட்டும்."

"டீச்சர், சேர் இன்னொரு பட்டம் வாங்கினா எதைப் போடுவாரு?" என்றாள் ஆய்வுகூடத்தில் அங்கியைக் கண்ட மாணவி ஒருத்தி.

"பெட்டியத் தலையில கவுத்துக்கிட்டுப் போகட்டும்."

முதல் நாள் வடிந்த நீரும் கலங்கியது. மாணவியர் முகம் வாடிற்று. அவள் சலிக்கவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துணியின் ஓரம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது கிணற்று நீரைப் பீலிக்குள் இழுத்திருந்தது. ஓரத்தை ஒரு விரலகலம் வெட்டினாள். பொருளைக் கேள்வி கேட்கவும், அது சொல்லும் பதில் எதுவாயினும் ஏற்றுக்கொள்ளவும் அவளால் முடிந்தது. நான் பயின்ற கூடங்களில் அதை அரிதாகவே கண்டேன்.

மறுநாள் வடிந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விழுந்தது. குழாய் தெளிவாகவே நின்றது. பிள்ளைகள் கூவினார்கள்.

"போதும் சத்தம். குழாயெல்லாம் கழுவுங்க, தொடங்குவோம்."

அந்த ஆண்டு செய்முறையில் ஒருத்தியும் தவறவில்லை. ஓய்வுபெற்றபின் அதே போன்றதொரு பெட்டியை எங்கள் மொட்டைமாடியில் வைத்தாள்.

அவள் விட்டுச்சென்ற வேலைகளில் எஞ்சியிருப்பவை: துணிக்குப் பதிலாக உமிக்கரிப் படுக்கையைச் சோதிப்பது. தம்புள்ளைப் பக்கத்து உவர்க்கிணற்று நீரில் அதை மிதக்கவிடுவது. கண்ணாடியின் உள்முகத்தைத் துடைப்பது. சென்ற மாதம் வரை அவளே துடைத்தாள்.