துண்டுக்கடியில் விரல், நாக்குக்கடியில் மாத்திரை

இன்று காலை ஓசூர் பேருந்து நிலையத்தில் எனக்கு நெஞ்சு இறுகியது. பையிலிருந்து எடுத்த சின்னக் கண்ணாடி பாட்டிலுக்குள் மாத்திரைகள் கலகலவென்று குலுங்கின. அந்தச் சத்தம் என்னைக் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டது!

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவும் மாட்டுத் தரகரும் கைகளைத் துண்டால் மூடி, விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கையை இழுத்தால் பேரம் முறிந்துவிடும். அந்த வெள்ளைக் காளைமேல் எங்களுக்கு அப்படியொரு ஆசை!

திடீரென்று அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கை நெஞ்சுக்குப் போனது. அவருடைய நெஞ்சுவலி மாத்திரை பாட்டில் என்னிடம்தான் இருந்தது. ஓடிப்போய் ஒரு மாத்திரையை நீட்டினேன். வாங்கி நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார், ஆனால் உட்காரவில்லை.

"குந்துப்பா! நின்னா தலை சுத்தி உழுந்துடுவீங்கன்னு டாக்டரு சொன்னாரு இல்ல!" என்று கத்தினேன்.

அப்பாவுக்குக் கையை விட மனசில்லை. தரகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கைய உட வேணாண்ணா. நானும் குந்துறேன்" என்று சாணிப் புழுதியில் அப்படியே உட்கார்ந்தார். கூடவே அப்பாவும் இறங்கினார்.

"முழுங்கிடாதப்பா! பேசவும் பேசாத!"

தரகர் சிரித்தார். "நம்ம யாவாரத்துல பேச்சு எதுக்கு பாப்பா?"

அப்பாவின் முகம் தெளிந்தபோது காளை எங்களுடையதாகியிருந்தது!

இன்று நானும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரையை நாக்குக்கடியில் வைத்தேன். வலி மெல்ல இறங்கியது. தேன்கனிக்கோட்டை பஸ் கிளம்பும் நேரம்.

"வர்றீங்களாம்மா?" என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

வாயைத் திறக்காமல், விரலை மட்டும் அசைத்து, பஸ்ஸைப் போகச் சொன்னேன்.