பதுளை அலுவலகத்துக்கு நான் கொண்டுபோன மென்பொருள்

மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வீட்டுக் காணி கேட்டிருக்கிறோம். பெயர்ப் பட்டியலைப் பதுளையில் ஒப்படைக்கப் போன வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பென் டிரைவில் கொடுத்தால்தான் வாங்குவார்கள். தோட்ட மண்டபத்துக் கணினியில், இலவச மென்பொருளில், அதைத் தட்டச்சு செய்தவன் நான். அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன். ஐந்து நாள் பிடித்தது.

காலை 5.40 பஸ். கட்டணம் 210 ரூபாய். பசறை வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். பாதை மோசம், இரண்டேகால் மணி நேரம். நான் சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“என்னா பெரியவரே, நெஞ்சு வலியா?”

“வலி இல்லப்பா. பன்னெண்டு குடும்பம் பைக்குள்ள ஒக்காந்திருக்கு.”

“அப்ப பதிமூணு டிக்கெட் எடுங்க!”

அலுவலகம் 8.30க்குத் திறந்தது. கணினி முன் இருந்த பெண் அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். “இந்த மென்பொருளுக்கு லைசன்ஸ் முடிஞ்சிருச்சுங்க ஐயா. காசு கட்டிப் புதுப்பிக்கிற வரைக்கும் ஒண்ணும் திறக்காது. திங்கக்கிழமை வாங்க.”

“இன்னைக்குத்தானே மிஸ் கடைசி நாளு?”

அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

கொஸ்லந்தையில் இருக்கும் என் சம்பந்திக்காக அந்த இலவச மென்பொருளையும் பென் டிரைவில் வைத்திருந்தேன். அதைக் கணினியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று சொன்னேன். பெரிய அதிகாரி எழுந்து வந்தார். “களவா பிரதி எடுத்ததா இது?”

தோட்டத்தில் ஸ்டோரிலிருந்து ஓர் ஆணி வெளியே போனாலும் அனுமதித் துண்டுச் சீட்டு வேண்டும். அந்தப் பழக்கத்தில் மென்பொருளுக்கும் துண்டு கேட்டு அடம்பிடித்திருந்தேன். மண்டபத்தில் கணினி சொல்லிக்கொடுப்பவர்கள் சிரித்துக்கொண்டே அதன் உரிமக் குறிப்பைத் தமிழில் அச்சடித்துத் தந்திருந்தார்கள். அதை விரித்து நானே வாசித்தேன். “எவரும்... எந்த வேலைக்கும்... பயன்படுத்தலாம். பிரதி எடுத்து... மற்றவர்க்கும் கொடுக்கலாம்.” விரல் வைத்து, எழுத்து எழுத்தாக. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, ஏற்றி முடிக்க நாற்பது நிமிடம். எங்கள் பன்னிரண்டு பெயரும் வரிசையாகத் திரையில் வந்தன. 10.15க்கு ஏற்றுக்கொண்டதாக முத்திரை விழுந்தது.

“ஐயா, மத்த மேசைக் கணினிக்கும் எடுத்துக்கலாமா?” என்றார் மிஸ்.

“தாராளமா எடுத்துக்கங்க.”

இத்தனை வருடமும் அலுவலகங்களில் நான்தான் கேட்டு நின்றிருக்கிறேன். அன்று அலுவலகம் என்னிடம் கேட்டது.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் நன்றாகத்தான் வேலை செய்யுமாம். ஆனால் சனங்களின் பெயர் இருக்கும் பெட்டிக்குச் சாவி வேறொருவர் கையில் இருக்கக்கூடாது.

இப்படிப் பட்டியல் ஒப்படைக்கப் போகிறவர்கள் இரண்டு பென் டிரைவில் கொண்டுபோங்கள். என்னைப்போல் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். திரும்பும் பஸ் 1.15க்கு, இடம் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. சந்தோஷத்தில் உட்கார மனம் வரவில்லை, மடுல்சீமை வரை நின்றுகொண்டே வந்தேன்.