ஆடு முட்டிய மாமியார்

இப்போதெல்லாம் சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் ஏறினால் பாதிப்பேர் கைப்பேசியில் பூனை சமைக்கிறது. போன வாரம் என் மகள் புக்கிட் பாத்தோக்கில் ஏறியதிலிருந்து ஒரு நாய் கார் ஓட்டுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் கம்ப்யூட்டர் வரைந்த நாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"நெஜ ஆடு ஒண்ணு மாமியாரைக் குளத்துல முட்டித் தள்ளுறத நீ பாத்ததில்லயே" என்றேன்.

"ரியல் ஆடாம்மா?"

"ஆடு ரியல்தான். மாமியார்தான் ரியல் இல்ல."

அந்த மாமியார் என் தாத்தா. அம்மாவைப் பெற்றவர்.

தாத்தா சென்னையில் சினிமாவுக்கு மிருகங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனிக்காரர்கள் அவரிடம் வர மாட்டார்கள். கையில் காசில்லாமல் படம் எடுக்க வந்தவர்கள்தான் வருவார்கள். அவர்கள் எடுத்த படங்களில் கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. துரத்தல் இருக்கும். நாய் கோர்ட்டில் சாட்சி சொல்லும், குரங்கு திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு சல்யூட் அடிக்கும், எல்லோரும் எல்லோரையும் துரத்தி முடித்த பிறகு ஒரு கல்யாணம் நடக்கும். கதாநாயகன் யாரென்று ஊருக்குத் தெரியாது. போஸ்டரில் நாய்தான் பெரிதாக நிற்கும்.

தாத்தாவிடம் துரை என்று ஒரு கிடா இருந்ததாம். ஒரு படத்தில் அது கல்யாண வீட்டில் தாலியை விழுங்கிவிட்டு ஓட வேண்டும், துரத்தி வரும் மாமியாரை முட்டிக் குளத்தில் தள்ள வேண்டும். தாலியை விழுங்குவதில் பிரச்சினை இல்லை, துரை எதையும் விழுங்கும். முட்டுவதில்தான் சிக்கல். தாத்தாவைத் தவிர வேறு யாரையும் முட்ட அதற்குத் தெரியாது. மாமியாராக நடித்த அம்மாள் ஆட்டைப் பார்த்ததும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாராம். வேறு ஆளைப் போடத் தயாரிப்பாளரிடம் பணமில்லை. கடைசியில் தாத்தாவே அந்த அம்மாளின் புடவையைச் சுற்றிக்கொண்டு, இடுப்பின் பின்பக்கம் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு ஓடினார். துரை கடலைக்காக முட்டியது. தாத்தா குளத்தில் விழுந்தார். ஏழு வயது அம்மா கரையில் நின்று கை தட்டினாள்.

இந்தக் கதையை அம்மா எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லுவாள். தாத்தா இறந்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அப்போது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். நிறைமாதம். சென்னையிலிருந்து போன் வந்தபோது அம்மாவால் விமானம் ஏற முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. தம்பி பிறந்தான், அம்மா பத்தியச் சாப்பாடு சாப்பிட்டாள், பால் கொடுத்தாள், எனக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினாள். எல்லாம் சரியாக நடந்தது, சிரிப்பு மட்டும் இல்லை. எப்போதாவது, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாரிடமும் இல்லாமல் ஒன்றைச் சொல்லுவாள்.

"போறேன்னு சொல்லிட்டுப் போனாரே."

எங்கள் வீட்டில் யாரும் வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும் அம்மா விடமாட்டாள். லிப்ட் வரை போன என்னைத் திரும்பக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்லவைத்து அனுப்புவாள். அப்படிப்பட்டவள், முந்தைய வருடம் நாங்கள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் அசந்துவிட்டாள். வழியனுப்ப வந்த தாத்தா, "சரிம்மா, நான் போறேன், கொரங்க ஆட்டோவுல விட்டுட்டு வந்திருக்கேன்" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பெட்டியோடும் என்னோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அம்மா பதிலுக்கு 'போயிட்டு வாங்கப்பா' என்று சொல்லவில்லை. அதுவே கடைசியாகப் போய்விட்டது.

தாத்தாவுக்கு ஒரே ஒரு போட்டோ இருந்தது. ஏதோ கார்டுக்காக எடுத்தது. அதில் அவர் தாத்தா மாதிரி இல்லை, தாத்தாவைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் மாதிரி இருந்தார். அப்பா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அம்மா பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"இது எங்கப்பா இல்லங்க. எங்கப்பா ஓடுவாரு. ஓடுற அப்பாவ ஒரே ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்."

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நாளெல்லாம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்து பழகியதாலோ என்னவோ, தரைக்கு வந்தாலும் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் "செருப்ப மாட்டு" என்றார்.

டோபி காட் ஸ்டேஷனில் இறங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நடந்தோம். அப்போது தேக்காவில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடைகள் நிறைய இருந்தன. படத்தின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு அது எப்போதும் 'ஆட்டுப் படம்'. ஆகவே வாழ்க்கையில் வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிற என் அப்பா, ஒவ்வொரு கடையிலும் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "புடவ கட்டுன ஆம்பளைய ஆடு முட்டுற படம் இருக்காண்ணே?" என்று கேட்டார்.

ஒரு கடைக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு என்ன படம் வேணும்னு நல்லா யோசிச்சிட்டு வாங்க. கூட புள்ள வேற இருக்கு."

இன்னொருவர் உதவி செய்ய நினைத்து, மிருகம் நடித்த படம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். அப்பா அள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வரவேற்பறை மிருகக்காட்சிச்சாலை ஆகிவிட்டது. குரங்கு மாப்பிள்ளை பார்த்தது. பாம்பு பிள்ளைக்குத் தாலாட்டியது. எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா, லிப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணி, இந்த நாய் ஹீரோவ விட நல்லா நடிக்குது லா. இதுக்கே பொண்ணக் கட்டி வெச்சிருக்கலாம்."

எனக்கோ கொண்டாட்டம். இவ்வளவு படம் எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் வேறெந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது? அம்மாவும் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் கடைசி வரை பார்ப்பாள். நாங்கள் மிருகத்தைப் பார்ப்போம். அம்மா படத்தின் ஓரங்களைப் பார்ப்பாள். முடிந்ததும் "இது இல்லங்க" என்று எழுந்து போவாள். அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் நிற்பார்.

கடைசியில் அது கிடைத்தது ஒரு சண்டையால். நாங்கள் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தபோது, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு அம்மாள் வேகமாக வந்து கேசட்டை மேசையில் வைத்தார்.

"சாமி படம்னுதானே குடுத்தீங்க? வெரதமும் அதுவுமா குளிச்சு, வெளக்கேத்தி, குடும்பத்தோட ஒக்காந்து போட்டா, ஒரு ஆடு தாலிய முழுங்குது! மாமியாரு குளத்துல விழுறா! என் மருமக சிரிக்கிறா!"

படத்தின் பெயரில் ஆடும் இல்லை, மாமியாரும் இல்லை. ஏதோ பக்திப் படம் போல ஒரு பெயர். அதனால் இத்தனை நாளும் சாமி படங்களின் வரிசையில் இருந்திருக்கிறது. அப்பா அந்த அம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அவர் இன்னும் கோபமாகப் போனார். எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தோம். தாலியைத் துரை விழுங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதாங்க" என்றாள். கல்யாண வீடே ஆட்டைத் துரத்தியது. மாமியார் வாசலைத் தாண்டினாள், தோட்டத்துக்குள் புகுந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள், திடீரென்று அவள் கெண்டைக்காலில் முடி முளைத்திருந்தது. சித்தப்பா "ஐயையோ!" என்றார். அந்த நேரம் பார்த்துத் திரையில் கோடு கோடாக ஓடி, வீடியோ டெக் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. நாடா சிக்கிக்கொண்டது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இழுக்காதீங்க... அறுந்துடும், இழுக்காதீங்க" என்று கையை நீட்டியபடி நின்றாள். சித்தப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து டெக்கின் மூடியைக் கழற்றினார். பென்சிலை வைத்து, பூக்காரி நார் பிரிப்பது போல நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். கசங்கிய இடத்தைச் சட்டையால் நீவிவிட்டார். "அண்ணி, சாமிய வேண்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போட்டார்.

ஓடியது. மாமியார் ஓடினாள், துரை ஓடியது, முட்டியது. விழுவதற்கு முன்னால் மாமியார் ஒரு சுற்றுச் சுற்றினாள். முக்காடு கழன்றது. கண்மூடித் திறக்கும் நேரம், எங்கள் வரவேற்பறையைப் பார்த்துத் தாத்தா மீசையோடு சிரித்தார்.

முகம் தெரியும் என்று அம்மாவுக்கே தெரியாது. முதுகைப் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தாள். பணமுள்ள கம்பெனியாக இருந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். இந்தப் புண்ணியவான்களிடம் மறுபடி எடுக்க பிலிம் இல்லை. மாமியாருக்கு மீசை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். யாரென்று தெரியாத அந்தத் தயாரிப்பாளரின் ஏழ்மைக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நிற்காமல் அழுகையாயிற்று. தம்பி பயந்து வீறிட்டான். அப்பா தம்பியை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். நான் மட்டும், ஆடு முட்டியதற்கு யாராவது இவ்வளவு அழுவார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, இன்னொரு தடவ சுத்துடி" என்றாள் அம்மா.

அதன் பிறகு கேசட் வீட்டில் இருந்த நாளெல்லாம் அதுதான் என் வேலை. நாடாவைப் பின்னோக்கிச் சுற்றும்போது தாத்தா குளத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பறந்து மேலே வருவார். முக்காடு தானாக ஏறிக்கொள்ளும். ஆடும் அவரும் பின்பக்கமாக ஓடிக் கல்யாண வீட்டுக்குள் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் இன்னும் வேடிக்கை. அம்மா சமையலுக்கு நடுவில் கரண்டியோடு வந்து நிற்பாள், பார்ப்பாள், போவாள். தம்பியைக் கொஞ்சும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அம்மா கடைசியாக ஒருமுறை போடச் சொன்னாள். தாத்தா விழுந்து, எழுந்து, ஈரப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துரையைத் துரத்திக்கொண்டு மரங்களுக்குள் ஓடி மறைந்தார். அம்மா நின்றபடியே, வாசலில் ஆளை வழியனுப்புகிற குரலில் சொன்னாள்.

"போயிட்டு வாங்கப்பா."

நான் வழக்கம்போலச் சுற்றுவதற்காகக் கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. விடு. போகட்டும்."

கேசட்டை அப்படியே எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். எனக்கு வழியெல்லாம் படபடப்பு. படத்தைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று கடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அப்பாவோ கார் ஒன்றுகூட வராத ரோட்டிலும் சிக்னலில் பச்சை மனிதன் தெரியும்வரை நிற்கிறவர்.

கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். "என்னண்ணே, சுத்தாமக் கொண்டாந்திருக்கீங்க? எழுதிப் போட்டிருக்குல்ல? எல்லாரும் இப்படிச் செஞ்சா நான் கடை நடத்துறதா, ஒக்காந்து சுத்திக்கிட்டிருக்குறதா?"

அப்பா தலையைக் குனிந்து அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும் எனக்கு வடை வாங்கித் தந்தார். அதைத் தின்னக்கூட மனமில்லாமல் நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, வாங்கப்பா, போய்ச் சுத்திக் குடுத்துட்டு வந்துடலாம். அடுத்து எடுத்துட்டுப் போறவங்க போட்டா, தாத்தா ஓடிப்போயிருப்பாரேப்பா."