குருத்தைத் திருப்பிப் பார்த்தவர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் மத்தூர்ப் பக்கம் என்னளவு மரவள்ளி விளைவித்தவன் கிடையாது. மருந்தடிக்க வந்த ஊத்தங்கரைக்காரர் ஒல்லியானவர். மருந்து பட்டுப் பட்டுக் கண் சிவந்தவர். பம்பைத் தோளில் மாட்டுமுன் செடியின் குருத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

"மாவுப்பூச்சிங்க. குருத்து கோஸ் மாதிரி சுருண்டுகிச்சு. இந்தக் குச்சிய நடறதுக்கு யாருக்கும் குடுத்துடாதீங்க, எரிச்சுடுங்க."

"எனக்கே பாடமா? நீ மருந்த அடிப்பா."

வழக்கம்போலத் தம்பிக்குக் கட்டுக்கட்டாகக் குச்சி கொடுத்தேன். அடுத்த போகத்தில் அவன் நிலம் முழுக்கச் சுருண்டது. மருந்தடிக்க அதே மனிதரைக் கூப்பிட்டிருந்தான்.

"அண்ணன் குடுத்த நல்ல குச்சிங்க. பூச்சி எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றான்.

அவர் குருத்தைத் திருப்பினார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"காத்துல வந்திருக்குங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தம்பி இப்போது ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். இன்னும் காற்றைத்தான் திட்டுகிறான்.